அலுமாரிக்கு மேல் ஏறிப்போகாத மெசின்: சீபாப்போடு முதல் ஒரு மாதம்

போன வருசம் குருக்கள்மடத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார ஐயாவுக்கு 67 வயது. நித்திரையில் மூச்சு நிற்கிற நோய் என்று கொழும்பில் சோதித்துச் சொல்ல, பிள்ளைகள் காசு சேர்த்து சீபாப் (CPAP) மெசின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நித்திரையில் மூச்சுப்பாதை அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்புகிற மெசின் அது. மெசின் இருந்தது அலுமாரிக்கு மேல், அதன் பைக்குள். பைக்கு மேல் ஒரு பழைய துவாய். இறக்கிப் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 11 இரவுதான் ஓடியிருக்கிறது என்று ஸ்கிறீன் காட்டியது.

"கண்ணுக்குள்ள காத்து அடிக்குது தம்பி. விடியக்குள்ள கண் ரெண்டும் சிவந்து போய்க் கிடக்கு. இது எனக்குச் சரிவராது" என்றார்.

போட்டுக் காட்டச் சொன்னேன். காற்று கசிகிறது என்று பட்டியை இறுக்கியிருக்கிறார். இறுக்கியதில் மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு மடிந்துவிட்டது. மடிந்த இடத்தால் இன்னும் கசிய, இன்னும் இறுக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் பட்டியைத் தளர்த்தி, அவரைப் படுக்கவைத்து, காற்று ஓடும்போதே மாஸ்க்கை ஒருதரம் முகத்திலிருந்து தூக்கித் திரும்ப வைத்தேன். விளிம்பு காற்றால் உப்பி முகத்தில் படிந்தது. கசிவு நின்றது. ஐந்து நிமிட வேலை. அது தெரியாமல் ஒரு வருசமாக அந்த மனிதர் இரவிரவாக மூச்சடைத்துக் கிடந்திருக்கிறார்.

அது மனதை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. களுவாஞ்சிகுடியில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர். 2019 இலிருந்து இந்த மெசினோடு படுக்கிறேன். அழுத்தம் எவ்வளவு, மருந்து எது என்பதெல்லாம் உங்கள் டொக்டர் சொல்ல வேண்டியது. கிளினிக் வரிசையில் அவருக்குச் சொல்ல நேரம் கிடைக்காத வீட்டு விசயங்களைத்தான் நான் சொல்லப்போகிறேன். மெசினைக் கைவிட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாரும் முதல் மாதத்துக்குள்தான் கைவிட்டார்கள். எல்லாருக்கும் காரணம் இப்படியான ஒரு சின்னக் கோளாறுதான்.

முதலில், உங்களுக்கு இது இருக்கிறதா?

நித்திரையில் எல்லாருக்கும் தொண்டைத் தசை தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் பின்பக்கச் சதையும் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்சிழுக்கப் பாடுபடும், காற்று உள்ளே போகாது. அப்படி 10 செக்கனோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு அப்னியா என்று எண்ணுகிறார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும். ஒரு உறுமலோடு மூச்சு திரும்பும். விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. முழு அடைப்பும் அரை அடைப்பும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் என்பதுதான் ஏ.எச்.ஐ. என்ற எண். 5 க்குக் குறைவென்றால் பயமில்லை. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 47 இருந்தது.

எனக்கு முன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "இஞ்சாருங்க, ராவு உங்கட மூச்சு நிண்டு போச்சி. பயந்து தட்டி எழுப்பின நான். உறுமிப்போட்டு மறுகா படுத்திட்டிங்க" என்று மூன்று வருசம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. நித்திரை கொள்கிறவனுக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவர் சொல்வதுதான் முதல் சாட்சி, அதைத் தட்டிவிடாதீர்கள். தனியே படுக்கிறவர்கள் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் படுங்கள். குறட்டை ஓடிக்கொண்டிருக்க, திடீரென்று ஒரு அமைதி, பிறகு ஒரு மூச்சுத்திணறல் என்று திரும்பத் திரும்ப வந்தால் டொக்டரிடம் போங்கள்.

மற்ற அடையாளங்களையும் சொல்கிறேன். விடியத் தலையிடி. இரவில் மூன்று நான்கு தரம் சலத்துக்கு எழும்புவது. எட்டு மணித்தியாலம் படுத்தும் களை தீராமை. எத்தனை மருந்து எடுத்தும் இறங்காத பிரசர். கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல், வயது 50 க்கு மேல், உடற்பருமன் என்று கூடக்கூடச் சந்தேகம் கூடும். ஆனால் மெலிந்தவர்களுக்கும் வரும். தாடை பின்வாங்கியிருந்தால் வரும், தொண்டைச் சதை பெரிதாக இருந்தாலும் வரும். பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமல் நித்திரையின்மை, களைப்பு, மனச்சோர்வு என்று வருவதால் பல வருசம் வேறு நோய்க்கு மருந்து எடுப்பார்கள். பிள்ளைகள் குறட்டை விட்டால் அது வேறு கதை. காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் டொன்சில், அடினொயிட் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) விசயமாக இருக்கும்.

என்னை எழுப்பியது கோட்டைக்கல்லாற்றுப் பாலம். பின்னேரம் கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது பாலத்தில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் ஞாபகம் இல்லை. கைப்பிடி மதிலுக்கு ஒரு முழம் இருக்கும்போது கண் திறந்தேன். லொறி, பஸ், ட்ரக்டர் ஓட்டுகிறவர்கள் இந்த நோய் இருக்கிறது என்று சந்தேகித்த நாளிலிருந்து வைத்தியம் சரிவரும் வரைக்கும் நீண்ட ஓட்டத்தையும் இரவு ஓட்டத்தையும் விடுங்கள். பிழைப்புப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விடுங்கள்.

சோதனைக்குப் போகும் வழி

உங்கள் குடும்ப டொக்டரிடமோ பக்கத்து ஆதார வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லி, சுவாச நோய் கிளினிக்குக்கோ காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ கடிதம் எடுங்கள். எங்கள் பக்கத்துக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. தெற்கே உள்ளவர்கள் கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளில் கேட்கலாம். இரவுச் சோதனை எங்கே செய்வது, வீட்டில் வைத்துச் செய்யும் சின்னக் கருவி உங்களுக்குப் போதுமா என்பதை அங்கே சொல்வார்கள். என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரவு ரயிலில் போய் இறங்கி அன்றிரவே சோதனைக்குப் படுக்காதீர்கள், ஒரு நாள் முந்திப் போய் ஆறுங்கள்.

தலை, நெஞ்சு, கால், விரல் எல்லாம் வயர் ஒட்டுவார்கள். நோகாது. "இப்படிக் கட்டிப்போட்டால் எப்படி நித்திரை வரும்?" என்று தோன்றும், வரும். தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், வயர் ஒட்டாது. கூட இருப்பவரையும் போன் பதிவையும் மருந்துப் பட்டியலையும் கொண்டுபோங்கள். முடிவுத் தாளில் ஒரு பிரதி கட்டாயம் எடுத்து வையுங்கள். பிறகு மெசின் வாங்க, கிளினிக் மாற, வெளிநாடு போக எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். விரலில் மாட்டும் சின்ன ஒட்சிசன் மீற்றர் நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று சோதனையை விட்டுவிட வேண்டாம்.

மெசின் என்ன செய்கிறது

அயலார் முதலில் கேட்பது, "ஒட்சிசன் கொடுக்கிறாங்களா?" என்றுதான். இல்லை. அறைக்காற்றையே இழுத்து, ஒரே சீரான அழுத்தத்தில் மூக்கு வழியே அனுப்புகிறது. அந்தக் காற்று தொண்டைக்குள் ஒரு முட்டுக்கொடுத்த மாதிரி நிற்க, சதை சரிய முடியாது. அழுத்தத்தைச் சென்ரிமீற்றர் நீர் என்ற அளவில் சொல்வார்கள். 4 முதல் 20 வரை இருக்கும். உங்களுக்கு 10 என்று எழுதியிருந்தால் எவ்வளவு என்று பார்க்க, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் ஸ்ட்ரோவை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு ஊதி, குமிழி வரவையுங்கள். அந்த அளவு பலம்தான். நெஞ்சு வெடிக்கிற காற்றில்லை.

இதை முதலில் செய்து பார்த்தவர் அவுஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன். 1980 இல் முதல் நோயாளிக்குப் பரீட்சித்து, 1981 இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்து நோயாளிகள் மாஸ்க்கை இரவுக்கிரவு முகத்தில் பசையால் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். என் முதல் கிழமையில் அதை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் தெம்பு வந்தது.

மாஸ்க் தெரிவது: இதில் அவசரப்பட வேண்டாம்

மெசினுக்கு விலை கேட்டு நாலு கடை ஏறுகிறவர்கள், மாஸ்க்கைக் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வெற்றி மாஸ்க்கில்தான் இருக்கிறது. மூன்று வகை. மூக்குத் துவார வாயிலில் பொருந்தும் இரண்டு சின்னக் குமிழ்கள் ஒன்று. மூக்கை மட்டும் மூடுவது இரண்டாவது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது.

தாடி வைத்தவர்களுக்குக் குமிழ் வகைதான் சுகம். மற்றவை முடிக்கு மேல் இறுக்கமாகப் படியாது. முகத்தை மூடினால் மூச்சுமுட்டுகிற மாதிரி இருப்பவர்களுக்கும், படுத்துக்கொண்டு கண்ணாடி போட்டு வாசிப்பவர்களுக்கும் அதுவே நல்லது. அழுத்தம் மிகக் கூடியவர்களுக்கு அது மூக்குத் துவாரத்தில் எரிச்சல் தரலாம். வாயைத் திறந்து படுப்பவர்களும் எந்நேரமும் மூக்கடைப்பு உள்ளவர்களும் மூன்றாவதைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் அதில் கசிவு வருகிற விளிம்பு நீளம். முடிந்தால் மூக்கடைப்புக்கு மருந்தெடுத்துவிட்டு மூக்கு மாஸ்க்கை முயன்று பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். படுத்தால் கன்னம் சரியும், முகத்தின் அமைப்பே மாறும். மெசினில் பூட்டி, உங்கள் அழுத்தத்தில் காற்றை ஓடவிட்டு, ஒரு வாங்கிலிலாவது படுத்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். சில மாஸ்க்குகளில் பட்டி பூட்டும் இடத்தில் காந்தம் இருக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் மூளையில் உலோகக் கிளிப் வைத்தவர்களும், வீட்டில் அவர்களோடு ஒரே கட்டிலில் படுப்பவர்களும், காந்தம் இல்லாததைத்தான் வாங்க வேண்டும்.

முதல் கிழமை

முதல் நாளே இரவு பத்து மணிக்கு மாட்டிக்கொண்டு படுத்து, பதினொரு மணிக்குப் பிடுங்கி எறியாதீர்கள். பகலில் தொடங்குங்கள்.

முதல் இரண்டு நாளும் கதிரையில் இருந்து, மெசினை ஓடவிட்டு, பட்டியைப் போடாமல் மாஸ்க்கைக் கையால் மட்டும் முகத்தில் பிடியுங்கள். எந்நேரமும் எடுக்கலாம் என்ற எண்ணமே பயத்தைப் பாதியாக்கும். பத்து நிமிடம் செய்தி பாருங்கள். வாயை மூடி மூக்கால் விடுங்கள். மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் காற்று முழுவதும் வாயால் பீறிட்டுப் போகும், முதலில் பயமாக இருக்கும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் நிற்கும்.

மூன்றாம் நாள் பட்டியைப் போட்டு அரை மணித்தியாலம். நாலாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம், மாஸ்க்கோடு. அன்றிரவு அல்லது மறுநாள் இரவு முழு இரவுக்குப் போங்கள். பட்டியைப் படுத்தபிறகுதான் சரிசெய்ய வேண்டும். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். மெசினில் காற்றைச் சிறிது சிறிதாக ஏற்றும் வசதி இருக்கும். 4 இல் தொடங்கி அரை மணித்தியாலத்தில் உங்கள் அளவுக்கு வரும். மூச்சு வெளிவிடும்போது மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. இரண்டையும் போட்டுத்தர மெசின் கொடுத்தவரிடம் கேளுங்கள். தொண்டைக்குள் காற்று திணிக்கிறது என்ற முறைப்பாடு அதோடு அநேகமாக முடிந்துவிடும்.

நடு இரவில் உங்களை அறியாமல் கழற்றியிருப்பீர்கள். எல்லாரும் செய்கிறார்கள். கண் விழித்தவுடன் திரும்பப் போடுங்கள். "போதும், நாலு மணித்தியாலம் போட்டாச்சு" என்று மூன்று மணிக்குக் கழற்றி வைக்க ஆசை வரும். விடியப்புறத்தில்தான் கனவு வரும் நித்திரை கூட, அந்த நேரத்தில்தான் தசை மிகத் தளர்ந்து மூச்சு அதிகம் நிற்கும். நாலு மணித்தியாலம் என்பது கிளினிக்கில் கணக்குப் பார்க்கும் குறைந்தபட்சம், அதோடு நிறுத்திவிடக் கூடாது.

கரண்ட் போனால் மூச்சடைத்துச் சாகவேண்டி வருமா என்று என் மாமியார் அழுதார். இல்லை. மாஸ்க்கில் சின்னத் துளைகள் இருக்கின்றன. அதனால்தான் ‘ஸ்’ என்று சத்தம் கேட்கிறது. நீங்கள் வெளிவிடும் காற்று வெளியே போவது அந்தத் துளைகள் வழியேதான். அதைக் கசிவென்று நினைத்து ஒட்டுப்போட்டு அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒருபோதும் செய்யாதீர்கள். வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றால் தானாகத் திறக்கும் ஒரு வால்வும் இருக்கிறது. மூக்கு மாஸ்க்கில் வாய் சும்மாதானே இருக்கிறது. அதோடு, காற்று நின்றதும் அநேகமாக நீங்களே விழித்துவிடுவீர்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

மாஸ்க்குக் கசிவுக்கு நான் முதலில் கேட்பது, முகம் கழுவினீர்களா என்பதுதான். எங்கள் ஆட்கள் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, அது நெற்றியில் இறங்கி, அதோடு மாஸ்க்கைப் போடுவார்கள். எண்ணெய் பட்ட சிலிக்கன் வழுக்கும், சில மாதத்தில் தடித்துப் பழுதாகும். எண்ணெய் காலையில் வையுங்கள். இரவு சவர்க்காரம் போட்டு முகம் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். தடிமனுக்குச் சித்தாலேப பூசினால் மாஸ்க் படும் இடத்தில் பூசாதீர்கள், காற்றுக்கு ஈரம் சேர்க்க மெசினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் எந்தத் தைலமும் விடாதீர்கள். அது நேரே சுவாசப்பைக்குப் போகும்.

நுளம்புச் சுருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மெசின் அறைக்காற்றைத்தான் இழுக்கிறது. கட்டிலுக்குக் கீழே சுருளைக் கொளுத்தி வைத்து, பக்கத்தில் மெசினையும் வைத்தால் இரவு முழுவதும் அந்தப் புகையை வடித்துக் குடிக்கிறீர்கள். சாம்பிராணியும் அப்படித்தான். சுருளை விட்டு நுளம்பு வலைக்கு மாறுங்கள். குழாயை வலைக்கு அடியால் எடுத்துத் தலைமாட்டுப் பக்கம் மேலே ஒரு நூலில் தொங்கவிட்டால் புரளும்போது சுற்றாது.

வாய் காய்ந்தால் வாயால் கசிகிறது என்று அர்த்தம். வாய் திறக்காமல் நாடியைத் தூக்கிப் பிடிக்கும் நாடிப் பட்டி ஒன்று போட்டுப் பார்க்கலாம், அல்லது வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். வயிறு உப்பி ஏப்பம் வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள், குறையாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். மூக்குத்தண்டில் புண் வந்தால் பெரும்பாலும் பட்டி இறுக்கம்தான் காரணம்.

மெசின் எப்போதும் தலைக்குக் கீழ் மட்டத்தில் இருக்கட்டும். பாயில் படுக்கிறவர்கள் மெசினை நிலத்தில் தூசுக்குள் வைக்காமல் ஒரு சின்னப் பலகையில் வைக்கலாம். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். பகலில் குழாயின் வாயை மூடித் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை குழாய்க்குள் எறும்பு வரிசை போனது.

தண்ணீர்

ஈரம் சேர்க்கும் தொட்டி எங்கள் ஊரில் எந்நாளும் தேவையில்லை. மாரியில், காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது கூட்டி வைத்தால், குழாய்க்குள் தண்ணீர் கட்டி, குளுகுளு என்று சத்தம் போட்டு, மூக்கில் சொட்டும். மின்விசிறி நேரே குழாயில் அடித்தாலும் இது நடக்கும். அப்போது ஈரத்தைக் குறையுங்கள், குழாய்க்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்மாறு. மூக்கு வெடித்துக் காய்ந்துபோகும், அப்போது தொட்டியின் அருமை தெரியும்.

கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் கிருமி போகுமே தவிர உப்பும் சுண்ணாம்பும் போகாது. தொட்டியின் அடித்தட்டில் வெள்ளையாகப் படியும். பாமசியில் காய்ச்சி வடித்த நீர் கேட்டு வாங்குங்கள். வாகன பற்றரிக்கு விற்கும் போத்தலை எடுக்க வேண்டாம். தண்ணீர் கிடைக்காத இரவில் தொட்டியை வெறுமையாக விட்டு, ஈரத்தை நிறுத்திவிட்டுப் படுக்கலாம், மெசினுக்கு ஒன்றும் ஆகாது. மிஞ்சிய தண்ணீரைக் காலையில் வெளியே ஊற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. மாஸ்க்கின் சிலிக்கனைத் தினமும், குழாயையும் தொட்டியையும் கிழமைக்கு ஒருமுறை, மென்மையான சவர்க்காரத்திலும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயில் சிலிக்கனைக் கெடுக்கும். டெற்றோல், பிளீச் வேண்டாம். பில்டரைச் சாம்பல் நிறமானவுடன் மாற்றுங்கள். நெல்லுச் சூடடிக்கும் காலத்தில் வயலுக்குப் பக்கத்து வீடுகளில் ஒரு மாதம் தாங்காது.

கரண்ட் இல்லாத இரவு

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது படித்த பாடம் இது. தொட்டியின் சூட்டையும் குழாயின் சூட்டையும் நிறுத்தினால் பெரும்பாலான மெசின்கள் 10 முதல் 30 வாட்டுக்குள் ஓடும். சூட்டைப் போட்டால் பல மடங்கு குடிக்கும். 30 வாட் என்றே வையுங்கள், 8 மணித்தியாலத்துக்கு 240 வாட்-மணித்தியாலம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணித்தியால பற்றரியில் 1200 இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். பாதியே 600. இன்வேட்டரில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு இரவு தாராளமாக ஓடும், இரண்டாம் இரவும் அநேகமாக ஓடும். காரை ஸ்டார்ட் பண்ணும் பற்றரியைவிட, சோலருக்கு விற்கும் ஆழமாக இறக்கி ஏற்றக்கூடிய பற்றரி நல்லது.

வயரை நேரே பற்றரியில் கொழுவாதீர்கள். சில மெசின் 12 வோல்ட், சில 24 வோல்ட். அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும். அதற்கென்ற மாற்றியை வாங்கி மாட்டுங்கள். படுவான்கரைப் பக்கம் வயல் வாடியில் காவலுக்குப் படுக்கும் ஒரு விவசாயி, ட்ரக்டர் பெட்டியில் பற்றரியைக் கொண்டுபோய் போகம் முழுவதும் மாஸ்க்கோடு படுத்தார். யானைக்கு விழித்திருக்க வேண்டிய மனிதர் அவர். முந்திய போகத்தில் பந்தம் கையில் இருக்கும்போதே கண்ணயர்ந்தேன் என்று சொன்னார்.

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் உகந்தைக்குப் பிறகு காட்டில் பல இரவு இருக்க வேண்டும். பற்றரி தூக்க முடியாது. போகலாமா என்பதை முதலில் டொக்டரிடம் கேளுங்கள். போக விட்டால் மல்லாந்து படுக்காமல் சரிந்தே படுங்கள், முதுகுக்குப் பின்னால் மூட்டையை அணைவாக வையுங்கள். குறட்டை முதல் இரவே திரும்பி வரும் என்பதைக் கூட வருபவருக்குச் சொல்லி வையுங்கள். நித்திரைக் குளிசையும் சாராயமும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், எங்கே படுத்தாலும் அவை வேண்டாம்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் என் நண்பர்கள் விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது கழற்றி, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாஸ்க் இல்லாமல் படுத்துவிடுவார்கள். பிறகு பகல் முழுவதும் நோன்புக் களை என்று நினைப்பார்கள். அந்த இரண்டாவது நித்திரைக்கும், பகல் நித்திரைக்கும் மாஸ்க் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மெசின்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் யாரோ பாவித்ததை அனுப்புவார்கள். நல்ல மனதோடுதான். மூன்று விசயம் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த சத்தம் குறைக்கும் பஞ்சு உதிர்வதால் பல இலட்சம் மெசின்களைத் திரும்பப் பெற்றது. வந்தது அந்த வகையா என்று தொடரிலக்கத்தை வைத்து அனுப்பியவரையே பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தத்தை உங்கள் சோதனை முடிவுக்கு ஏற்ப டொக்டரோ பயிற்றப்பட்டவரோ மாற்றித்தர வேண்டும், பழையவருடைய அளவில் ஓட்டக்கூடாது. மாஸ்க், குழாய், பில்டர் மூன்றும் புதிதாக இருக்கட்டும்.

ஒரு மாதம் கழிந்தால்

ஸ்கிறீனில் மூன்று எண்களைப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், கசிவு எவ்வளவு, ஏ.எச்.ஐ. எவ்வளவு. காலையில் ஒரு கொப்பியில் எழுதுங்கள், கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஏ.எச்.ஐ. 5 க்குக் கீழ் வர வேண்டும். ஒரு இரவு கூடினால் பதற வேண்டாம், ஒரு கிழமைச் சராசரியைப் பாருங்கள். எண்கள் நன்றாக இருந்தும் பகலில் கண் சொருகினால் அதைச் சொல்லுங்கள். வேறு காரணம் இருக்கலாம். யூடியூப் பார்த்து அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள். பிரசர் இறங்கிவிட்டது என்று குளிசையையும் நிறுத்தாதீர்கள்.

உடம்பு எடையைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் செய்து 2000 இல் வெளியான ஒரு ஆய்வின் கணக்குப்படி எடை நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழ நூற்றுக்கு 26 குறையும். நல்லதுதான், நானும் இரவுச் சோற்றை விட்டேன். ஆனால் எனக்கு 47 இல் 26 வீதம் போனாலும் 35 மிச்சம். ஆகவே எடை குறையும் வரை மெசினைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ஐந்தாம் நாளே விடியத் தலையிடி இல்லை. சலத்துக்கு எழும்புவது நாலு தரத்திலிருந்து ஒன்றானது. பகல் களை தீர இரண்டு மாதம் எடுத்தது, அவசரப்படாதீர்கள். வருசக்கணக்காக விறாந்தையில் படுத்த மனைவி அறைக்குத் திரும்பி வந்தாள். முதல் சில இரவுகள் அவள் சத்தமில்லாததால் பயந்து விழித்து, என் நெஞ்சில் கைவைத்து மூச்சு ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறாள். பிறகு அவளும் நித்திரை கொண்டாள்.

கடைசியாக ஒன்று. எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், கண்ணுக்கோ பல்லுக்கோ என்றாலும், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் இந்த நோயைச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும் நேரத்திலும், நோவுக்கு ஊசி போட்ட இரவிலும் தொண்டை வழமையை விட அதிகம் தளரும். வார்டுக்குப் போகும்போது மெசினையும் எடுத்துப் போங்கள். உங்கள் பெயர், அழுத்தம், வீட்டார் போன் இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மெசினின் அடியில் ஒட்டி வையுங்கள். தொட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுப் பைக்குள் வையுங்கள், சாய்ந்தால் மெசினுக்குள்ளே போகும். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காது, ஒரு நீட்டு வயரும் கொண்டுபோங்கள்.